பெயரும் ஓர் அமானிதமே

வியாபாரிக்கு முதல் இரண்டு வகை. கல்லாப் பெட்டியிலும் சரக்கறையிலும் இருப்பது ஒன்று. அதைப் பேரேட்டில் எழுதலாம், ஐந்தொகையில் காட்டலாம். மற்றொன்று எந்தக் கணக்கிலும் ஏறாதது. அதுதான் அவனுடைய பெயர். இன்னார் கடை என்று சொன்ன மாத்திரத்தில் மொத்த வியாபாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகிறாரே, அது அந்தப் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை. கப்பலேறி இந்நாடுகளுக்கு வந்த நம் முன்னோரிற் பலர் கையில் பெரும் பொருளோடு வந்தவர் அல்லர். சொன்ன சொல்லைக் காத்து, தவணை தவறாது கொடுத்து, பெயரைத் தேடிக்கொண்ட பிறகே பொருளைத் தேடினார்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நின்றுகொண்டிருப்பது அந்தப் பெயருக்குச் சாட்சியாகவே என்று நாம் கருதுகிறோம்.

அப்படிப்பட்ட பெயரையே ஒருவன் திருடிக்கொண்டு போனால் என்ன செய்வது? இன்று நம் வியாபாரிகளில் பலர் கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வி இது. காசைத் திருடுகிறவன் இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறான். அத்தோடு நஷ்டம் முடிந்தது. பெயரைத் திருடுகிறவனோ நாம் வாங்காத கடனை நம் தலையில் வைத்துவிட்டுப் போகிறான். அதுமட்டுமன்று. காசு களவு போனவனைப் பார்த்து ஊரார் அனுதாபப்படுகிறார்கள். பெயர் களவு போனவனையோ சந்தேகப்படுகிறார்கள். களவு கொடுத்தவனே தான் கள்வன் அல்லன் என்று நிரூபிக்க வேண்டிய விபரீதம் இதில்தான் உண்டு.

எனவே, நம் முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. நம் பெயரில் பிறன் வாங்கிய கடன் யாருடைய கடன்? மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு அதை நாம் செலுத்திவிடலாமா? ஒருமுறை ஏமாற்றப்பட்ட பிறகு மனிதர்களை எப்படி நம்புவது?

எண் ரகசியம் அன்று

முதலில் களவு எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். மலாயாவில் 1948 ஆம் ஆண்டு, அவசர காலத்தில்தான் அடையாளக் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. இன்னார் இன்னாரே என்று போலீசாருக்குக் காட்டுவதற்காக வந்த கார்டு அது. சிங்கப்பூரில் குடியரசான பின் 1966 முதல் புதிய கார்டுகள் வழங்கப்பட்டன. மலேசியாவில் 2001 முதல் மைகார்டு வந்தது. கார்டு மாறிய வேகத்துக்கு நம் பழக்கம் மாறவில்லை. கடை வாடகைக்கு ஒரு நகல், தொலைபேசி இணைப்புக்கு ஒரு நகல், சரக்கு வண்டிக்கு ஒரு நகல் என்று கேட்டவர்க்கெல்லாம் கார்டின் நகலைக் கொடுத்துப் பழகிவிட்டோம். அந்த நகல்கள் எந்த அலமாரியில் கிடக்கின்றன, எந்தக் குப்பையில் போயின என்பதை யாரறிவார்?

மலேசிய அடையாள எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் உண்டு. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். ஒருவருடைய பிறந்த நாளும் பிறந்த மாநிலமும் தெரிந்தவனுக்கு எட்டு இலக்கங்கள் அப்பொழுதே தெரிந்துவிடுகின்றன. போதாததற்கு, 2017 ஆம் ஆண்டில் மலேசியாவில் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசிக் கணக்குகளின் விவரங்கள் வெளியே கசிந்தன. 2018 இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. 2024 டிசம்பரில் சிங்கப்பூர் நிறுவனப் பதிவகத்தின் புதிய இணையத் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள எண்ணும் தெரியும்படி இருந்தது. மக்கள் ஆட்சேபித்த பிறகு அவ்வசதி நிறுத்தி வைக்கப்பட்டது. அடையாள எண் ஒருவரைக் குறிக்கும் பெயர் போன்றதே. அதைக் கதவு திறக்கும் சாவியாகப் பயன்படுத்துவதுதான் பிழை என்று அப்போது அரசாங்கமே விளக்கிற்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், பெயர் களவு போனவர் எல்லாரும் அசட்டையாக இருந்தவர்கள் அல்லர். தம் வீட்டுக் கதவைப் பூட்டி வைத்தவருடைய விவரமும் பிறர் வீட்டு ஜன்னல் வழியாகப் போய்விடலாம். ஆகவே பள்ளிவாசல் வாயிலிலும் சங்கத் திண்ணையிலும் நின்றுகொண்டு, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று பேசுகிறவர்கள் தம் நாவைக் காத்துக்கொள்ளட்டும்.

முத்திரையும் மோதிரமும்

பெயரைப் போலி செய்வது புதிய குற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத முற்பட்டபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதன்பொருட்டு வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் முத்திரை வாசகம் பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அழகுக்காக அணிந்த மோதிரமாயின் இந்தத் தடை எதற்கு? அது பெயரின் காவல். தம் அடையாளத்தைப் பிறர் எடுத்தாளாதபடி காப்பது அகந்தையும் அன்று, அவநம்பிக்கையும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்த மோதிரம் பிற்காலத்தில் ஹலரத் உதுமான் (ரலி) அவர்களிடம் இருந்தபோது மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்து தொலைந்தது. அவர்களுடைய ஆட்சியின் இறுதிக் காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கலீபாவைக் கண்டு சமாதானமாகித் திரும்பிக்கொண்டிருந்த எகிப்தியக் கூட்டத்தார் வழியில் ஒரு தூதனைப் பிடித்தார்கள். அவனிடம் இருந்த கடிதம் கலீபாவின் முத்திரையோடு காணப்பட்டது. தங்களைத் தண்டிக்கும்படி எகிப்தின் ஆளுநருக்கு அதில் கட்டளை இருந்தது. அவர்கள் கொதித்துத் திரும்பினார்கள். உதுமான் (ரலி) அவர்களோ, தாம் அதை எழுதவில்லை, எழுதச் சொல்லவுமில்லை, அதைப்பற்றி அறியவுமில்லை என்றார்கள். ஒன்று இரண்டு சாட்சிகளைக் கொண்டுவாருங்கள், அன்றேல் என் சத்தியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர்களது நிலை. கூட்டத்தார் சாட்சியையும் கொண்டுவரவில்லை, சத்தியத்தையும் ஏற்கவில்லை. முற்றுகை நீண்டு, ஹிஜ்ரி 35 இல் கலீபா ஷஹீதானார்கள்.

எழுதியவன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் பலவாறு பேசுவர். அது நமக்கு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது அவர்கள் வேண்டிய நீதி. வழக்குரைப்பவன் சான்று காட்ட வேண்டும். மறுப்பவன் சத்தியம் செய்ய வேண்டும். இது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. துருக்கிய சாம்ராஜ்யம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா என்னும் சிவில் சட்டத்திலும் இது தனி விதியாக இடம் பெற்றிருக்கிறது.

கடன் யாருடையது?

இந்த விதியைக் கொண்டு நம் முதற் கேள்விக்கு விடை காண்போம். கடன் வாங்கியவனுடையதே கடன், பெயருக்குரியவனுடையது அன்று. கடன் கொடுத்தவன் தான் யாருக்குக் கொடுத்தான் என்பதைக் காட்டக் கடமைப்பட்டவன். ஓர் எண்ணையும் ஒரு நகலையும் மட்டும் பார்த்துப் பணத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால், அந்த அசட்டையின் பலனைத் திக்கற்ற ஒருவர் மீது சுமத்த அவனுக்கு உரிமை இல்லை.

ஆனால், இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. மறுப்பவன் சத்தியம் செய்ய வேண்டும் என்றால், வாயைத் திறந்து மறுக்க வேண்டும் என்று பொருள். வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த விதி துணை செய்யாது. மௌனம் சத்தியமாகாது, நாள் செல்லச் செல்ல அது ஒப்புதல் போலத் தோற்றமளிக்கும்.

இங்கேதான் நம் வியாபாரிகளின் பழைய குணம் ஒன்று குறுக்கே வருகிறது. "ஊரில் நம் பெயர் அடிபடுகிறதே! போனால் போகட்டும், தொகையைக் கட்டி முடித்துவிடுவோம்" என்று எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை நாம் இகழ மாட்டோம். சொல்லுக்குப் பயந்து வாழ்ந்த பரம்பரையின் குணம் அது. பிறனுக்காக ஜாமீன் நின்று கையெழுத்திட்டவர், அவன் ஓடிப்போன பின் தம் கைப்பொருளிலிருந்து கட்டினால், அதைவிடக் கண்ணியம் வேறில்லை. ஏனெனில் அவர் சொல் கொடுத்திருக்கிறார். கொடுக்காத சொல்லுக்காகக் கட்டுவது அப்படிப்பட்டதன்று. நான் வாங்கினேன் என்று தன்மீதே பொய்ச்சாட்சி சொல்வது அது. மனைவி மக்களின் ஹக்கிலிருந்து எடுத்துத் திருடனின் கணக்கைத் தீர்ப்பதும் அதுவே. மேலும், இவர் கட்டிவிட்டால் திருடன் தேடப்பட மாட்டான். கொடுத்தவனும் திருந்த மாட்டான். நாளைக்கு இதே வலை அடுத்த கடைக்காரர் மீது விழும். ஆகவே, மானத்துக்காகச் செலுத்தும் அந்தத் தொகை மானத்தையும் காப்பதில்லை, பிறரையும் காப்பதில்லை.

திருடியவன் அன்னியனாக இல்லாமல் நம் மருமகனாகவோ, ஊரிலிருந்து நாமே அழைத்து வந்த கடைப்பையனாகவோ இருந்தால் என் செய்வது? சகோதரனின் குறையை மறைப்பது நன்மையல்லவா என்று கேட்பார்கள். நன்மைதான். ஆயினும், நம்முடைய ஹக்கை மன்னிக்க மட்டுமே நமக்கு அதிகாரம் உண்டு. அவன் ஏமாற்றியது நம்மை மட்டுமா? கடன் கொடுத்தவனையும் அல்லவா ஏமாற்றினான்! அந்த ஹக்கை மன்னிக்க நாம் யார்? நம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். அவன் திருப்பிச் செலுத்த வழி செய்யலாம். தெருவில் நின்று அவனைத் தூற்றாமல் இருக்கலாம். கேட்கிற இடத்தில் உண்மையை மறைக்கலாகாது. உண்மையைச் சொல்லியபின் இரக்கம் காட்டுவது தருமம். பொய்யைச் சொல்லிக் காட்டும் இரக்கம் இன்னொரு மோசடி.

இன்னொரு வகையாரும் உண்டு. கமிஷன் கிடைக்கிறதென்று பாங்கிக் கணக்கைப் பிறனுக்குக் கொடுப்பவர், சிங்பாஸ் கடவுச்சொல்லை விற்பவர், தம் பெயரில் லைசென்ஸ் எடுத்து இன்னொருவன் கையில் விட்டுவிட்டு மாதவாடகை வாங்குபவர். இவர்கள் பெயரைப் பறிகொடுத்தவர்கள் அல்லர். பெயரை வாடகைக்கு விட்டவர்கள். பிறனுடைய மோசடிப் பணம் அக்கணக்கில் புகுந்து வெளியேறும்போது இவர்களும் கூட்டாளிகளே. கணக்கையோ சிங்பாஸையோ இப்படிக் கைமாற்றுவதைக் குற்றமாக்கிச் சிங்கப்பூர் 2023 இலும், கணக்கை இரவல் கொடுப்பதைக் குற்றமாக்கி மலேசியா 2024 இலும் சட்டம் இயற்றின. சட்டம் வருமுன்பே இது ஹராமான சம்பாத்தியம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

களவு தெரிந்த அன்றே, அடுத்த தொழுகை வேளைக்குள் என்று வைத்துக்கொள்வோம், சில காரியங்கள் நடந்தாக வேண்டும். முதலாவது, பாங்கிக்குத் தொலைபேசி செய்து கணக்கை நிறுத்துவது. பணம் போயிருந்தால் மலேசியாவில் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்கலாம். 2022 முதல் அது இயங்குகிறது. சிங்கப்பூரில் சந்தேகம் கேட்க 1799 உண்டு. இரண்டாவது, போலீஸ் புகார். அதன் நகல் இனி உங்கள் சாட்சிச் சீட்டு, பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்பு. இக்கடன் எம்முடையது அன்று என்று தெளிவாக எழுதி, விண்ணப்பத்தின் நகலையும், கையெழுத்தையும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கையும் காட்டும்படி கேளுங்கள். தொலைபேசியில் யாரோ ஒருவரிடம் சொன்னது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பேசிய நாள், நேரம், அதிகாரியின் பெயர் ஆகியவற்றை ஒரு சிட்டையில் எழுதி வாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

நான்காவது, வேறு எங்கெல்லாம் நம் பெயர் போயிருக்கிறது என்று தேடுவது. மலேசியாவில் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவை இலவசமாகப் பார்க்கலாம், சி.டி.ஓ.எஸ். என்னும் தனியார் பதிவும் உண்டு. சிங்கப்பூரில் கிரெடிட் பீரோவின் பதிவு பாங்கிக் கடனைக் காட்டும். லைசென்ஸ் பெற்ற வட்டித் தொழிலாளருக்குத் தனிப் பதிவகம் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் நம்மை ஏதேனும் கம்பெனிக்கு டைரக்டர் ஆக்கியிருக்கிறார்களா என்று எஸ்.எஸ்.எம். பதிவிலும், சிங்கப்பூரில் அக்ரா பதிவிலும் பாருங்கள். நம் பெயரில் எத்தனை கைத்தொலைபேசி எண்கள் இருக்கின்றன என்று தொலைபேசி நிறுவனங்களைக் கேளுங்கள். கடவுச்சொற்களை மாற்றும்போது மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்றப் பூட்டுகளின் சாவியெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது.

ஐந்தாவது, சரக்குக் கொடுப்போருக்கும் வாங்குவோருக்கும் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. பெயரைத் திருடியவன் அடுத்தபடி நம் பெயரில் அவர்களுக்குக் கடிதம் அனுப்பி, பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இங்கே கட்டுங்கள் என்பான். நாம் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு வியாபார நாள். கள்ள வட்டிக்காரர் கதவில் சாயம் ஊற்றினாலும் கட்டாதீர்கள், போலீசாரிடம் செல்லுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டுவது

இனி மூன்றாவது கேள்வி. ஒருமுறை வஞ்சிக்கப்பட்டவர் எல்லாரையும் கள்வராகவே பார்க்கத் தொடங்குகிறார். இது கடனைவிடப் பெரிய நஷ்டம். நம்பிக்கை இல்லாத இடத்தில் வியாபாரம் இல்லை, ஜமாஅத்தும் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் சிறு பிராயத்திலேயே கேட்ட போதனை.

அல்பகறா அத்தியாயத்தின் 282 ஆவது வசனத்தைக் கவனியுங்கள். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று, கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றி அது பேசுகிறது. முஃமின்களைப் பார்த்தே அந்தக் கட்டளை. அவர்கள் ஒருவரையொருவர் திருடர் என்று எண்ண வேண்டும் என்பதற்காகவா? அன்று. சந்தேகம் புகுவதற்கே இடமில்லாமல் செய்வதற்காக. சரிபார்ப்பது வேறு, சந்தேகிப்பது வேறு. சரிபார்க்கும் வழக்கம் இருந்தால் சந்தேகத்துக்கு வேலையே இல்லை.

எனவே, "என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வியை நம் வியாபார உலகிலிருந்து ஒழிப்போமாக. வஞ்சகனுக்கு மிகவும் பிடித்த ஆயுதம் அதுதான். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்; கேட்கப்பட்டவர் கோபிக்காமல் நன்றி சொல்ல வேண்டும். கார்டின் நகலைக் கொடுக்கும்போது, இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்பதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள். பெருந்தொகையை இணையத்தின் வழியே எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியைச் சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாங்கிகள் மூன்றும் 2023 நவம்பர் முதல் தருகின்றன. வருஷந்தோறும் ஸக்காத்துக்காகச் சரக்கைக் கணக்கெடுக்கிறோம் அல்லவா? அதே நாளில் நம் பெயரின் கடன் பதிவையும் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கினால் என்ன?

கடைசியாக ஒன்று. நம் பெயரைக் காப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம் மேஜை அறைகளில் எத்தனை பேருடைய பெயர்கள் கிடக்கின்றன! பண மாற்று வியாபாரத்தில் வாடிக்கையாளரின் அடையாள விவரம். கடையில் வேலை செய்வோரின் பெர்மிட் நகல். கடன் வாடிக்கையாளரின் முகவரி. இவை பழைய காகிதத்தோடு சேர்ந்து கடலை மடிக்கப் போகலாமா? சிலர் தொழிலாளியின் பாஸ்போர்ட்டையே வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். அது சட்டத்துக்கும் விரோதம், தர்மத்துக்கும் விரோதம். தனிப்பட்ட விவரங்களைக் காக்க மலேசியாவில் 2010 ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2012 ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. தக்க காரணமின்றி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கலாகாது என்று சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல் விதியும் உண்டு. ஆனால், நமக்கு இவற்றுக்கெல்லாம் முந்திய விதி ஒன்று இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க ஹலரத் அலி (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுச் சென்றார்கள். தம்மைத் துரத்திய ஊராரின் பொருளுக்கே அத்தனை காவல். நம்மை நம்பிக் கார்டை நீட்டும் ஏழைத் தொழிலாளியின் பெயருக்கு நாம் எவ்வளவு காவல் இருக்க வேண்டும்!

தேவையற்ற நகல்களை இந்த வாரமே கிழித்து எரியுங்கள். தேவையானவற்றைப் பூட்டி வையுங்கள். பெயரைப் பறிகொடுத்த சகோதரர் எவரேனும் நம் ஜமாஅத்தில் இருந்தால், அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வாருங்கள். போலீஸ் நிலையத்துக்கும் பாங்கிக்கும் அவரோடு நடந்து செல்லுங்கள். உதுமான் (ரலி) அவர்களின் சத்தியத்துக்குக் கிடைக்காத மதிப்பு, உண்மை பேசும் ஓர் எளிய வியாபாரிக்காவது நம்மிடையே கிடைக்கட்டும்.

நம் பொருளையும் பெயரையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பெயரையும் காக்கும் தௌபீக்கை வல்ல அல்லாஹ் நம்மனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.